இரண்டு நிமிட வேலை

பெங்களூரில் ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. சாவிக்குக் கிடையாது. பூட்டுக்காரர் கேட்கும் தொகையில் எது கூலி, எது கொள்ளை?

இரவு பத்தரை மணி. பெங்களூரில் ஏதோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. காற்றில் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. சாவி உள்ளே, சாப்பாட்டு மேஜை மேல். அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வேறு. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ‘24 மணி நேர சாவி சர்வீஸ்’ ஸ்டிக்கரைப் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்கிறார். அரை மணியில் ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்குகிறார். பையைத் திறந்து ஏதோ ஒரு கருவியை எடுக்கிறார், கதவருகே குனிகிறார். இரண்டே நிமிடம், கதவு திறந்துவிடுகிறது. அதுவரை அவரைக் கடவுளாகப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், தொகையைக் கேட்டதும் முகம் மாறுகிறார். “இரண்டு நிமிட வேலைக்கா இவ்வளவு?”

எந்தப் பேட்டையிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. வீட்டுக்காரர் கஞ்சர் என்றோ பூட்டுக்காரர் பேராசைக்காரர் என்றோ முடிவு கட்டிவிடுவது சுலபம். இரண்டும் இல்லாமலும் இந்தச் சண்டை வரும். இருவரும் வேறு வேறு பொருளுக்கு விலை பேசுகிறார்கள் என்பதே காரணம். ஒருவர் நிமிடத்தை எண்ணுகிறார். மற்றவர் அந்த இரண்டு நிமிடத்தைக் கற்றுக்கொள்ளப் போன வருடங்களை எண்ணுகிறார்.

இதே நகரத்தில் ஆட்டோவில் ஏறினால், டிரைவர் எவ்வளவு கேட்டாலும், முறையான தொகை எது என்பதாவது தெரியும். 2025 ஆகஸ்ட் 1 முதல், முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய், இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு என்பது கணக்கு. அதை யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. சண்டை போடவாவது ஓர் எண் கையில் இருக்கிறது. சாவிக்கு அதுவும் இல்லை. மீட்டர் இல்லை, விலைப்பட்டியல் இல்லை, பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. இல்லை. ஆனாலும் சாவிக்காரர் வாயில் வருவது குருட்டாம்போக்கான எண் அல்ல. அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதல் படி, இருக்கும் சாவிக்கு இன்னொன்று. கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியும் சிவாஜிநகர் பக்கமும் இதைச் செய்பவர்களுக்குப் பெரிய கடை வேண்டியதில்லை. ஒரு மரத்தடி, ஒரு மேஜை, வெயிலுக்கு ஒரு குடை, தகரத்தில் வெட்டிய பெரிய சாவி ஒன்று விளம்பரப் பலகையாக. வாடிக்கையாளர் கன்னடத்தில் ‘பீகத கை’ என்று கேட்பார், அதாவது பூட்டின் கை. அடுத்தவர் ‘சாபி’ என்பார். தமிழர் ‘சாவி’ என்பார். சாபியும் சாவியும் போர்த்துகீசியரோடு கப்பலில் வந்த ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். சாவிக்காரருக்கு மூன்றும் புரியும். மூன்று மொழியிலும் பேரம் பேசவும் வரும்.

அவரது மெஷினில் இரண்டு பிடிகள். ஒன்றில் அசல் சாவி, மற்றதில் இன்னும் பல் வெட்டாத வெறும் சாவி. தொழிலில் அதற்கு ‘பிளாங்க்’ என்று பெயர். அசலின் மேடு பள்ளங்களை ஒரு முனை தடவிக்கொண்டே போக, அதே அசைவில் மறுபுறம் சுழலும் வட்டக் கத்தி பிளாங்க்கைச் சீவுகிறது. கம்பி பிரஷ்ஷில் பிசிறைப் போக்கிவிட்டால் சாவி தயார். சாதாரண வீட்டுச் சாவி என்றால் இதற்கு இன்று கேட்கும் விலை நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. வாடிக்கையாளர் பாதியில் ஆரம்பிப்பார்.

பித்தளைத் துண்டின் விலை அதில் ஒரு பகுதிதான். பூட்டுக் கம்பெனி ஒவ்வொன்றும் சாவித் துவாரத்தை ஒவ்வொரு வடிவத்தில் வைக்கிறது. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், அலுவலக மேஜை, பீரோ, சூட்கேஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி பிளாங்க் வேண்டும். தயாரிப்பே நின்றுபோன ஒரு ஸ்கூட்டரின் பிளாங்க்கும் ஆணியில் தொங்கத்தான் வேண்டும். அந்த ஸ்கூட்டர்காரர் வருடத்துக்கு ஒரு தடவை வருவார், இல்லை என்றால் அடுத்த தடவை வர மாட்டார். விற்காமல் தொங்கும் சாவிகளின் வட்டியை, விற்கும் சாவிகள் சுமக்கின்றன. தவறாக வெட்டிய பிளாங்க் குப்பைக்கு. அந்த நஷ்டம் வாடிக்கையாளர் கணக்கில் ஏறாது. மழை நாள், போலீஸ்காரர் எழுந்திரு என்று சொல்லும் நாள், யாருமே சாவியைத் தொலைக்காத நாள் எல்லாமும் இந்த நூறு ரூபாய்க்குள்ளேதான்.

இங்கே வாடிக்கையாளருக்குப் பயன்படும் ஒரு விஷயம் உண்டு. நகலைக் கொடுத்து நகல் எடுக்கக் கூடாது. முதல் நகலில் இருக்கும் மயிரிழைப் பிழை இரண்டாவதில் இரண்டு மயிரிழையாகும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் சில பூட்டுகள் மக்கர் செய்யும். அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலைப் பையில் போட்டுக்கொண்டு திரிவதே புத்திசாலித்தனம். நம்மில் பலர் செய்வது நேர்மாறு.

அடுத்த படியில் விலை சில மடங்கு தாவுகிறது. அசல் சாவியே இல்லை, பூட்டு மட்டும் இருக்கிறது. இங்கே மெஷின் பொம்மை மாதிரி நிற்கும், அரம் பேச வேண்டும். லைனஸ் யேல் 1861-லும் 1865-லும் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சிலிண்டர் பூட்டின் வாரிசுகள்தான் இன்று பெரும்பாலான கதவுகளில் இருக்கின்றன. உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் குட்டிப் பின்கள். சரியான சாவி ஒவ்வொரு பின்னையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் சிலிண்டர் சுழலும். ஐந்து பின், ஒவ்வொன்றுக்கும் பத்து உயரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் சாவிகள் சாத்தியம். சாவிக்காரர் இந்த லட்சத்தையும் வெட்டிப் பார்ப்பதில்லை. பிளாங்க்கைப் பூட்டுக்குள் விட்டு மெல்லத் திருப்புகிறார், வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். பின் முட்டிய இடத்தில் ஊசிமுனைத் தழும்பு தெரியும். அங்கே அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. தழும்பு விழாத இடத்தில் அந்தப் பின் சரியான உயரத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் இந்த வேலையைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. அண்ணன், மாமா, முதலாளி யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பிளாங்க்குகளைப் பாழாக்கிய பிறகுதான் கை பழகும். வாடிக்கையாளர் கண்ணுக்கு இது அரத்தை இப்படியும் அப்படியும் இழுப்பது. அதனால்தான் பேரமும் அங்கேயே ஆரம்பிக்கிறது.

ஒரு காலத்தில் பூட்டைச் செய்தவரும் சாவியைச் செய்தவரும் ஒரே ஆள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையே அதுதான். லீவர்களைக் கையால் வெட்டி, அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவி என்று பொருத்துவார்கள். இன்னொரு சாவி வேண்டுமானால் அதே பட்டறைக்குப் போவதுதான் வழி. 1897-ல் அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய பிறகும், அலிகார் பட்டறைகள் பெருகிய பிறகும், பூட்டு கடைச் சரக்காக நாடெங்கும் போனது. செய்தவர் ஒரு ஊரில், பூட்டியவர் இன்னொரு ஊரில். நடுவில் விழுந்த இடைவெளியில்தான் தெருமுனைச் சாவிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது படிதான் அந்த இரவு பத்தரை மணிச் சண்டை. இங்கே விற்கப்படுவது சாவியே இல்லை, வீட்டுக்குள் போகும் வழி. தூக்கத்திலிருந்து எழுந்து வந்தது, ஸ்கூட்டர் பெட்ரோல், போய்ச் சேர்ந்த பிறகு ‘வேண்டாம், மனைவி வந்துவிட்டாள்’ என்று திருப்பி அனுப்பப்படும் வெறும் பயணங்கள் எல்லாம் இந்தத் தொகையில் உண்டு. ஆட்டோவுக்கு அரசே ராத்திரிக்கு ஒன்றரை மடங்கு தருகிறது என்றால், பூட்டுக்காரர் இரவில் கூடுதலாகக் கேட்பதில் அநியாயம் இல்லை. சிக்கல் அந்தக் கூடுதலுக்கு வரம்பு இல்லாததில்தான். உள்ளே குழந்தை அழுதால் ஒரு விலை, வாசலில் பெரிய கார் நின்றால் ஒரு விலை என்று போகும்போது அது கூலி என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது.

நேரத்தை வைத்து வேலையை அளப்பதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. பொருளாதார முடிவுகளை மனிதர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று எழுதிவரும் டான் ஏரியலி, ஒரு பூட்டுக்காரரின் கதையைச் சொல்வதுண்டு. தொழில் கற்ற புதிதில் அந்த ஆள் நெடுநேரம் போராடி, சில சமயம் பூட்டையே உடைத்து, கதவைத் திறப்பாராம். வாடிக்கையாளர்கள் பாவம் என்று பணத்தோடு இனாமும் கொடுத்தார்கள். கை தேர்ந்து நொடியில் திறக்க ஆரம்பித்ததும் இனாம் நின்றது, பணத்துக்கே முணுமுணுப்பு வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ரயன் புவெல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதே மனப்போக்கை வேறு இடத்தில் காட்டியது. தமக்காக வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிந்தால், காத்திருந்தாலும் மனிதர்கள் அந்தச் சேவையை உயர்வாக மதிக்கிறார்கள். அப்படியானால் கெட்டிக்காரருக்கு நாம் கொடுக்கும் பாடம் என்ன? மெதுவாகச் செய், வியர்வையைக் காட்டு. கொஞ்சம் நாடகம் ஆடு.

நாடகம் ஆடுவதோடு நின்றால் பரவாயில்லை. பூட்டைத் திறக்கத் தெரியாதவர், அல்லது தெரிந்தும் திறக்காதவர், டிரில் மெஷினை எடுப்பார். பூட்டு பாழாகும். பையில் புதுப் பூட்டு ஒன்று தயாராக இருக்கும், அதற்கும் விலை உண்டு. போனில் சின்னத் தொகை, வாசலில் பெரிய தொகை, நடுவில் டிரில் என்ற இந்த வித்தை பற்றி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே மக்களை எச்சரித்திருக்கிறது. 2025 மார்ச்சில் கூகுள் நிறுவனம், தன் வரைபடத்தில் போலி வணிகப் பதிவுகளை உண்டாக்கி விற்றவர்கள் மீது வழக்குப் போட்டது. அது கண்டுபிடித்த போலிகள் 10,000-க்கும் மேல். துப்புக் கிடைத்தது டெக்சாஸ் மாநிலத்தின் ஒரு பூட்டு வேலைக்காரர் பெயரில் இன்னொருவர் கடை விரித்த புகாரிலிருந்து. அங்கே சில மாநிலங்களில் பூட்டுக்காரருக்கு லைசென்ஸ் கட்டாயம். அப்படியும் இந்த நிலை.

பெங்களூருக்கும் இதில் பாடம் இருக்கிறது. தேடினால் முதலில் வரும் எண்ணுக்குச் சொந்தக்காரர் பூட்டையே தொடாதவராக இருக்கலாம். அவர் போனை எடுத்து, பக்கத்தில் இருக்கும் ஆளை அனுப்பிவிட்டு, கமிஷனை எடுத்துக்கொள்வார். வாடிக்கையாளர் கொடுப்பது அதிகம், அரம் பிடிப்பவர் கைக்கு வருவது குறைவு.

கார் சாவிக்கு வந்தால் கணக்கே வேறு. இன்றைய கார் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. சாவியை நுழைத்ததும் இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதன் ரகசிய எண்ணைப் படிக்கும். காரின் கம்ப்யூட்டர் அந்த எண்ணை ஒப்புக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும். பல்லை அச்சாக வெட்டிக் கொடுத்தாலும் கதவு திறக்குமே தவிர வண்டி கிளம்பாது. சிப்பைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்கத் தனிக் கருவி வேண்டும், அதன் மென்பொருளை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். நூறு ரூபாய் வேலை ஆயிரங்களுக்குப் போவது இதனால்தான். தொழிலும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. கருவி வாங்க முதல் இருந்தவர் கடைக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்துவிட்டார். இல்லாதவர் இன்னும் குடை நிழலில், பழைய மோட்டார் சைக்கிள்களையும் பீரோக்களையும் நம்பி இருக்கிறார். கதவுக்கும் எண் தட்டும் பூட்டுகள் வந்துவிட்ட ஊர் இது. அந்த நிழலும் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இத்தனை விலைப் படிகளுக்கும் அடியில், யாரும் பில்லில் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. நம்பிக்கை. நடுராத்திரியில் ‘என் வீடுதான், திறங்கள்’ என்பவர் உண்மையில் வீட்டுக்காரரா? கையில் ஒரு சாவியைக் கொண்டுவந்து நகல் கேட்கும் பையன் அதை யாரிடமிருந்து எடுத்தான்? திருடும் நோக்கத்தோடு பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வீட்டை உடைத்ததற்குச் சமம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். கதவைத் திறந்துகொடுத்தவரைத் தேடித்தான் போலீஸ் முதலில் வரும். அதனால் நல்ல சாவிக்காரர் நாலு கேள்வி கேட்பார். அடையாள அட்டை காட்டச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்வார். சோப்புக் கட்டியில் பதித்த அச்சைக் கொண்டுவந்தால் எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்பார். இப்படி அவர் இழக்கும் வருமானமும் யார் கணக்கிலோ ஏறித்தானே ஆக வேண்டும்? எதையும் கேட்காமல் சாவி வெட்டுகிறவர் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கலாம். அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடித்தவர் வீட்டுக் கதவும் அதே ஆளிடம் திறக்கும்.

எழுதி வைத்த விதி இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வங்கி லாக்கர் ஓர் உதாரணம். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, லாக்கர் சாவியில் வங்கி அல்லது கிளையின் அடையாளக் குறி பொறிக்கப்பட வேண்டும். சாவியைத் தொலைத்தால் லாக்கரைத் திறக்கும் செலவு, பூட்டை மாற்றும் செலவு, புதுச் சாவிச் செலவு மூன்றும் வாடிக்கையாளரைச் சேரும். வேலையைச் செய்யும் ஆளை அனுமதிப்பது வங்கி. தொகை வலிக்கும், ஆனால் எதற்காக என்பதில் குழப்பம் இல்லை.

தெருவோர சாவிக்காரருக்கு ரிசர்வ் வங்கி வரப்போவதில்லை. அரசு விலை நிர்ணயிக்கட்டும் என்றால், எந்தப் பூட்டுக்கு, எந்த மணிக்கு, எந்தத் துருவுக்கு என்று விலைப்பட்டியல் எழுதி முடியாது. ஆனால் கையில் இருக்கும் ஒரு சட்டத்தைப் பயன்படுத்தலாம். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், தெருவில் பொருள் விற்பவரை மட்டுமல்லாமல் சேவை அளிப்பவரையும் வியாபாரி என்றே கணக்கில் கொள்கிறது. அவருக்குச் சான்றிதழும் இடமும் தர வேண்டும் என்கிறது. மரத்தடிச் சாவிக்காரர் கழுத்தில் அந்த அட்டை தொங்கினால் விரட்டப்படும் பயம் அவருக்குக் குறையும். யாரிடம் சாவி கொடுக்கிறோம் என்பது வாடிக்கையாளருக்கும் தெரியும். நாளை அதே இடத்தில் இருக்கப்போகிறவர் இன்று கொள்ளை விலை சொல்லத் தயங்குவார். விலையைக் கட்டுப்படுத்த இதைவிட மலிவான வழி கிடையாது.

வாடிக்கையாளர் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்று. தொகையைக் கதவு திறப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வருவதற்கு எவ்வளவு, திறப்பதற்கு எவ்வளவு, பூட்டு உடைந்தால் யார் செலவு என்ற மூன்றே கேள்விகள். கதவு மூடியிருக்கும்போது வீட்டுக்காரருக்கு அவசரம், திறந்த பிறகு அலட்சியம். இரண்டுக்கும் நடுவில் நியாய விலை மாட்டிக்கொண்டு தவிக்கும்.

லண்டனில் பிராமா என்ற பூட்டுக் கம்பெனி தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைப் பல பத்தாண்டுகள் தொங்கவிட்டிருந்தது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி என்று எழுதியும் வைத்திருந்தது. 1851-ல் பெரும் கண்காட்சிக்காக வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் போராடித் திறந்தார். கம்பெனி முணுமுணுத்தது, ஆனாலும் பணம் கிடைத்தது. அந்த ஜன்னலில் மணிக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை. அவர் இரண்டே நிமிடத்தில் திறந்திருந்தாலும் அதே 200 கினிதான்.